கடற்பாசியில் கொழுந்து கிள்ளியவர்கள்

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் லீக்ஸ் கட்டோடு நின்ற ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார்... நீங்கதானே அந்த சாரு?"

மனசு குளிர்ந்துவிட்டது. வருஷக்கணக்கில் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். கடைசியில் ஒரு வாசகர் முகம் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க" என்றேன்.

"கடல்ல விழுந்தீங்களே, அந்த சாரு. போன்ல பாத்தோம். எங்க வீட்ல எல்லாரும் ரெண்டு தடவ பாத்தாங்க."

முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பதினைந்து விநாடி வீடியோ ஒன்று, ஹட்டனிலிருந்து டயகம வரை என்னைப் பிரபலமாக்கிவிட்டது. இனி ஒளித்துப் பிரயோசனம் இல்லை. அந்தப் பதினைந்து விநாடிக்கு முன்னால் பத்து நாள் இருந்தது என்பதையாவது நானே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மன்னார்ப் பக்கம் ஒரு கம்பெனி கடற்பாசிப் பண்ணை தொடங்கியிருந்தது. கடலுக்குள் தடிகள் நட்டு, கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் பாசி வளர்ப்பார்கள். அதற்கு ஆட்கள் வேண்டும். குடும்பத்தோடு வந்து தங்கத் தயாராக இருப்பவர்களுக்குப் பயிற்சியும் தந்து, வேலை கிடைத்தால் வீடும் தருவதாகச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் விரல் வேகத்தைப் பற்றி யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள். டயகமப் பக்கம், நான் முன்பு படிப்பித்த தோட்டத்தில் விருப்பமுள்ளவர்களின் பெயர் எழுதினார்கள்.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். இதில் பத்துப் பேர் கடலை நேரில் பார்த்ததே இல்லை.

பார்த்திருந்த அந்த ஒருவர் மணியம். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் பார்சல் கட்டும் வேலை செய்தவர். "கடல் எனக்குப் புதுசில்ல சார். காலிமுகத்திடல்ல எத்தன தடவ எறால் வடை சாப்பிட்டிருக்கேன்" என்றார். கடலோடு அவருக்கு இருந்த தொடர்பு அந்த வடை மட்டும்தான்.

அவர் மனைவி சரோஜா. கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே வேகமான கை. அதிகம் பேசமாட்டார். ஏன் பெயர் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டபோது, அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினார்.

பெரிய மழையில் அந்த மேடு வெடித்திருந்தது. கை உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று சுவரில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே இருக்க வேண்டும் என்று அந்த நோட்டீஸில் இல்லை. சில நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். பிறகு சரோஜாவின் தங்கை வீட்டில், ஒரே அறையில் எட்டுப் பேர்.

"மண்ணு சரியாத எடமா இருந்தா போதும் சார்" என்றார் சரோஜா. "கடல்கரை மட்டமாத்தானே இருக்கும்?"

நான் எப்படி இதற்குள் வந்தேன்? வெளியூருக்குப் பெண்களை அனுப்புகிறோம், தெரிந்த பெரிய மனுஷன் ஒருவர் கூடப் போகவேண்டும் என்று தோட்டத்தில் பேசி முடிவெடுத்தார்கள். வாத்தியார்தான் பென்ஷனில் சும்மா இருக்கிறாரே! நானும் பாதுகாப்புக்குப் போவதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டில் சொன்னேன்.

"கொத்மலை அணைக்கட்டுல நின்னு எட்டிப் பாத்தாலே உங்களுக்குத் தலை சுத்தும்" என்றார் என் மனைவி. "யாருக்கு யாரு பாதுகாப்பு?"

மனைவிமார் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் தெரிவதில்லை. பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது.

முதல் இரண்டு நாள் பயிற்சி தோட்டத்திலேயே. கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரத்தில், பனி மூட்டத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு கடற்பாசி வளர்க்கப் படித்தவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சனசமூக மண்டபத்தில் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டினார்கள். பாசிக்குப் பதிலாகக் கிழிந்த சேலைத் துண்டுகள். ஒரு சாணுக்கு ஒன்றாகச் சின்ன நூலால் முடிச்சுப் போடவேண்டும். இறுக்கினால் பாசி வெட்டுப்படும், தளர்த்தினால் அலை கொண்டுபோகும்.

சொல்லித்தர வந்தவர் ஜெனிற்றா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரி, பொறுமைசாலி. வந்ததும் வராததுமாக எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. பிழை விட்டாலும் நான் பேசமாட்டன்."

ஒன்பது பெண்களின் முகமும் வாடிவிட்டது.

அன்று பகல் முழுக்க மண்டபத்தில் ஒரே அமைதி. முடிச்சு தவறினால் யாரும் காட்டவில்லை. முந்தானைக்குள் ஒளித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிற்றா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன சேர், ஏன் ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை?" என்று கவலைப்பட்டார். நான் சரோஜாவிடம் போய்க் கேட்டேன்.

"தப்பு பண்ணினா மிஸ் பேசவே மாட்டாங்களாமே சார். ஒரு தப்புக்கு முகத்த திருப்பிக்கிற ஆளுகிட்ட எப்புடிங்க வேல பழகுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம ஊரில் பேசுவது என்றால் பேசுவது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. பாவம், திட்டமாட்டேன் என்று ஆறுதல் சொன்ன பிள்ளையை, முறைத்துக்கொள்கிற பிள்ளையாக்கிவிட்டோம்.

அன்று முதல் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. தமிழுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்ப்பாளர்.

மூன்றாம் நாள் வேனில் இறங்கினோம். வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்குமா? வழியில் எழுந்து நின்று சொன்னேன்... நம் முன்னோர்களை அக்கரையிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள், கூட்டிவந்து மன்னார்க் கரையில் இறக்கினார்கள், அங்கிருந்து காடு வழியாக நடந்து, காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் விழ, மிச்சப் பேர் மலைக்கு ஏறினார்கள். நாம் இப்போது அந்த வழியில்தான் திரும்பி இறங்குகிறோம்.

சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

"கடல்கரையிலயே நின்னுருக்கலாமே சார்" என்றார் சரோஜா. "எதுக்கு அவ்ளோ தூரம் நடந்து, வெடிக்கிற மலையில ஏறினாங்க?"

பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

கரையில் எங்களுக்கு ஒரு விடுதி கொடுத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் ஜெனிற்றா வந்து, "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு எல்லாரும் வெளிக்கிட வேணும். ஒருத்தரும் பிந்தக்கூடாது" என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரோஜாதான் மெல்ல எழுந்தார்.

"ஆறு மணிக்கு எல்லாருமாங்க மிஸ்? கக்கூஸு ரெண்டுதானே இருக்கு?"

வெளிக்குப் போவது இல்லை, வெளிக்கிடுவது என்றால் அவர்கள் ஊரில் புறப்படுவது என்று நான் எழுந்து விளக்கியபோது ஜெனிற்றாவின் முகம் சிவந்தது. பிறகு அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு மிஸ் எங்கள் ஆளாகிவிட்டார்.

மறுநாள் உண்மையான பாசி. ஒரு பெரிய தாய்ச் செடியிலிருந்து நாற்றுத் துண்டுகள் எடுக்கவேண்டும். எப்படி எடுப்பது என்று ஜெனிற்றா கத்தியைத் தேடி எடுத்து, தொண்டையைச் செருமி, விளக்க ஆரம்பிப்பதற்குள் பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் பாசிக் குவியலைச் சுற்றி நின்று, முற்றிய தண்டை விட்டுவிட்டு, இளம் நுனியாகப் பார்த்து டக் டக்கென்று கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கண் பாசியில்கூட இல்லை.

ஜெனிற்றா கத்தியோடு நின்றார்.

"இளம் கிளையைத்தான் எடுக்க வேணும் எண்டு ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"கொழுந்து எடுக்குறத யாராச்சும் சொல்லித் தரணுமா மிஸ்?" என்றார் சரோஜா.

ஒரே ஒரு திருத்தம்தான் தேவைப்பட்டது. கொஞ்சம் நீளமாக எடுக்கவேண்டும், இரண்டு இலையும் மொட்டும் அளவுக்கு இல்லை. மணியம் மட்டும் கொழும்பு அனுபவத்தில் முற்றிய தண்டாகத் தேடித்தேடி எடுத்து வைத்திருந்தார். "கெட்டியா இருந்தாத்தானே நின்னு வளரும்?" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பயிற்சிக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள், அதில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்பது பெண்களும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். இல்லை, எழுதியவன் நான். அவர்கள் சொன்னார்கள், நான் யோசிக்காமல் எழுதினேன். பதினெட்டு வயதிலிருந்து மழையிலும் அட்டையிலும் நின்று விரலைப் பழக்கியவர்களுக்கு முன் அனுபவம் இல்லை. எறால் வடை சாப்பிட்டவருக்கு மட்டும் 'உண்டு'. நம் நாட்டில் படிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிரப்பப்படுகின்றன என்பது என் சந்தேகம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடலுக்குள் இறங்கச் சொல்லும் வரை.

மற்ற எட்டுப் பெண்களும் கத்திக் கூச்சல் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு, ஒருவழியாக இறங்கிவிட்டார்கள். அங்கே கடல் குளம் மாதிரி. வெகுதூரத்துக்கு இடுப்பளவு தாண்டாது. சரோஜா மட்டும் வரவில்லை. மணலில் உட்கார்ந்து கயிறு கட்டினார். மூன்று பேர் கட்டுவதை ஒருவராகக் கட்டினார். ஆனால் அலை வந்து காலைத் தொட்டால் எழுந்து பின்னால் நகர்ந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மழையில, கொழுந்து சாக்கோட ஆத்தக் கடந்தோம் சார். நானும் இன்னொரு பொண்ணும். கைய புடிச்சுக்கிட்டுத்தான் போனோம். நான் ஒரு பாறையில போய் மாட்டிக்கிட்டேன். அவள மூணு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க."

கை நிற்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது.

சரோஜா ஜெனிற்றாவிடமும் கேட்டுப் பார்த்தார். "மிஸ், நான் கரையிலயே கட்டிக் குடுத்துடுறேனே. எத்தன வேணும்னாலும் கட்டுறேன்."

"அக்கா, கரை வேலைக்கு இந்த ஊர் ஆக்கள் இருக்கினம்" என்றார் ஜெனிற்றா. அவருக்கும் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "தண்ணிக்குள்ள இறங்கிற ஆளுக்குத்தான் நான் பேர் குடுக்கலாம். நாளண்டைக்குச் செய்முறைச் சோதினை. அதுக்குள்ள ஒருக்கா காலை வையுங்கோ."

காலை வைக்கவில்லை. சோதனை நாளும் வந்தது.

அன்று காலை சரோஜா கட்டிய கயிற்றைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அளந்து வைத்த மாதிரி ஒரு சாணுக்கு ஒரு நாற்று, நடுநடுவே மிதப்பதற்குக் காலிச் சோடாப் போத்தல். வெயில் ஏறுமுன் தொடங்கி, தேத்தண்ணிக்குக்கூட எழும்பாமல் கட்டியது. அதை மணியம் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குள் போனார். ஒரு முனையை ஜெனிற்றா தடியில் கட்டிவிட்டு, தூரத்தில் தடுமாறிக்கொண்டிருந்த இன்னொரு சோடியிடம் போய்விட்டார். மறுமுனையை மணியம் கட்டினார்.

சொல்லித்தந்த முடிச்சு அல்ல. புடவைக் கடை முடிச்சு. "கொழும்புல இதுல பார்சல் கட்டினா பதுளை வர அவிழாது சார்" என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். பார்சலுக்கு அலை அடிக்காது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

காற்று எழும்பியது. கயிறு ஒருமுறை இழுத்தது, இன்னொருமுறை இழுத்தது, முடிச்சு சத்தமில்லாமல் நழுவியது. போத்தல்கள் எல்லாம் வரிசையாக ஒரு பக்கம் திரும்பின.

கரையிலிருந்து சரோஜா எழுந்து நின்றார். "ஏங்க, லைன் போகுது."

"அது அப்புடித்தான் மெதக்கும்" என்றார் மணியம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அவுந்து போகுதுங்க."

"நீ சும்மா இரு. கடலப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

அடுத்து நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சரோஜா நடக்க ஆரம்பித்தார். வாயும் கூடவே நடந்தது. "விடிஞ்சதுலருந்து குனிஞ்சு கட்டினது... மூட்டக் கட்டுற முடிச்சப் போட்டுட்டு நிக்கிறத பாரு..." கணுக்கால் நனைந்தது. "சொல்லிக் குடுத்த ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியல..." முழங்கால். "கடலத் தெரியுமாம் கடல..." தொடை. "வடை தின்னவருக்கு..." இடுப்பு.

அவிழ்ந்த முனையை எட்டிப் பிடித்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு எதிராக இழுத்து வந்து, தடியில் கட்டினார். சரியான முடிச்சு. இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் தடியைக் கட்டிக்கொண்டார்.

"சார்" என்றார், மிகவும் மெதுவாக. "சார்... நான் எங்க நிக்கிறேன்?"

மணியம் மறுபக்கத்திலிருந்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் இருந்தது நான்தான். பாதுகாப்புக்கு வந்தவன் அல்லவா? சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இறங்கினேன். "பயப்படாதம்மா, நான் வர்றேன்" என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவரை எட்டுவதற்கு நாலு அடி இருக்கும்போது காலுக்குக் கீழே வழுவழுவென்று ஒன்று நெளிந்தது. கடலட்டை என்று பிறகு சொன்னார்கள். மலையகத்தில் அட்டை என்றால் விரல் நீளம். இது என் சப்பாத்து நீளம்.

விழுந்தேன். மூக்கிலும் வாயிலும் உப்பு. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளெல்லாம் கண்முன் வந்து போனார்கள். அப்போது ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

"எந்திரிச்சு நில்லுங்க சார். இடுப்பளவுதான் இருக்கு."

நின்றேன். இடுப்பளவுதான் இருந்தது.

தடியை விட்டுவிட்டு வந்திருந்தார் சரோஜா. கரை வந்து சேரும் வரை என் காலரை அவர் விடவில்லை. யாரோ தூரத்திலிருந்து போனில் எடுத்த அந்த வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது.

மணலில் உட்கார்ந்ததும் அவருக்கு நடுக்கம் எடுத்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டு துவாயால் போர்த்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சரோஜா கொஞ்ச நேரம் அழுதார். ஆற்றோடு போன அந்தப் பெண்ணின் பெயரை ஒருமுறை சொன்னார். ஜெனிற்றா மூச்சு வாங்க ஓடிவந்து, எதிரில் மண்டியிட்டார்.

"அக்கா, மிதவைச் சட்டை போடாமல், ஒருத்தருக்கும் சொல்லாமல் தனிய இறங்கியிருக்கிறீங்கள். இப்ப நான் பேசட்டோ?"

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசுங்க மிஸ்."

ஜெனிற்றா பேசினார். நன்றாகவே பேசினார். எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது, மணியத்துக்கு இரண்டு பங்கு. பேசி முடித்துவிட்டு, சரோஜாவின் பெயரைத் தன் பட்டியலில் முதலாவதாக எழுதினார்.

மறுநாள் சரோஜா மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முறையாக இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இறங்கினார்.

கடைசி நாள் கம்பெனி மேனேஜர் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் ஓரளவு பேசுவார். ஆறு பேருக்கு வேலை என்றார். மற்ற ஐந்து பேருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தடை, அவர்கள் தோட்டத்துக்கே திரும்புவதாகச் சொன்னார்கள். ஆறு பேருக்கும் சரோஜாவைப் பொறுப்பாகப் போடப்போவதாக மேனேஜர் அறிவித்தார். தோட்டத்து ஆட்களுக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்ற ஆசையில், தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்து, சந்தோஷமாகச் சொன்னார்:

"இனி சரோஜா கங்காணி."

கைதட்டல் பாதியில் நின்றுவிட்டது.

"அந்தப் பேரு மட்டும் வேணாங்க" என்றார் சரோஜா. குரலில் மரியாதை குறையவில்லை. "எங்க ஆளுங்கள இந்தக் கரையிலருந்து மலைக்குக் கூட்டிட்டுப் போனதே கங்காணிங்கதான்னு சாரு வேன்ல சொன்னாரு. நாங்க இப்பதான் எறங்கி வந்துருக்கோம்."

முப்பது வருட வாத்தியார் வாழ்க்கையில் என் பாடத்தை ஒருவர் எடுத்துப் பயன்படுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப என்ன சொல்லிக் கூப்பிடுறது?" என்றார் மேனேஜர், குழம்பிப்போய்.

"சரோஜான்னே கூப்பிடுங்க. பேரு நல்லாத்தானே இருக்கு."

இப்போது அவர்கள் அங்கே குடிபோய் நாலு மாதம். சின்ன வீடு, மட்டமான தரை. பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, அரை யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்களாம். மணியம் போத்தல் கழுவிக் கட்டும் பிரிவில் இருக்கிறார். முடிச்சு விஷயத்தில் அவருக்கு நிரந்தரத் தடை.

பஸ் நிலையத்துச் சம்பவத்தைச் சொல்ல சரோஜாவுக்குப் போன் செய்தேன். நன்றாகச் சிரித்தார். வெயில்தான் பெரிய பாடு, கறுத்துப் போய்விட்டேன் என்றார். தண்ணீர்ப் பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"அது எங்க சார் போகும்? தெனமும் பயந்துகிட்டேதான் எறங்குறேன். ஆனா மழை பேஞ்சா இங்க தூங்குறேன்" என்றார்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று மட்டும் கேட்டேன்.

"எழுதுங்க சார். ஆனா சரோஜா தைரியமா கடல்ல எறங்கினான்னு எழுதிடாதீங்க. கோவத்துல எறங்கினான்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன், சரோஜா.